சிவப்புப் பட்டனுக்கு அடியில் கட்டிய நூல்

நான் திருப்பாலைக்குடியில் பிறந்தவன். மாரியூரில் பெண் எடுத்து, மாமனார் வீட்டிலேயே தங்கிப்போனேன். எனக்கென்று படகு கிடையாது. மனைவியின் அண்ணனுடைய ஃபைபர் படகில் ஏறினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். அவர் இறக்கிவிட்டால் அந்தக் கரையில் வேறு யாரும் என்னை ஏற்ற மாட்டார்கள். அவரைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனசு வராது.

மச்சானுக்கு இது நன்றாகத் தெரியும். எனக்கு வாய் கிடையாது என்பதும் தெரியும். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அவர் அப்படியில்லை. கரையில் எவர் எஞ்சின் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மூடியைத் திறக்கும் முன்பே, இதுதான் கோளாறு என்று சொல்லிவிடுவார். பாதி நேரம் சரியாகவும் இருக்கும்.

அன்றைக்கு வலையை ஏற்றி முடித்துக் கரைக்குத் திரும்பும் நேரத்தில் எங்கள் எஞ்சினே கிளம்பவில்லை. காலையில் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டியவன் நான். அவருக்கு அது போதுமாக இருந்தது.

“மாப்பிள்ளை கை பட்ட எஞ்சின் வெளங்குமா?” என்றார். “இழுங்க.”

கயிற்றை இழுத்தேன். அவர் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். வாடைக்காற்று படகைக் கரையை விட்டுத் தள்ளிக்கொண்டே போனது.

“இன்னும் இழுங்க. மாமியா வீட்டுச் சோறெல்லாம் எங்கன போகுது?”

உள்ளங்கை கொப்பளித்துக் கிழிந்தது. டேங்க் மூடியில் காற்றுத் திருகைத் திறந்து பார்த்தோம். பெட்ரோல் குழாயிலுள்ள ரப்பர் பந்தை அமுக்கினால் கல்லு மாதிரி நின்றது. பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்திருந்தது. அப்படியானால் எண்ணெய் வருகிறது, பொறிதான் வரவில்லை. பிளக்கை எஞ்சின் இரும்பில் வைத்து, வெயில் படாமல் துண்டால் மறைத்துக்கொண்டு கயிற்றை இழுத்துப் பார்த்தோம். பொறி இல்லை. புதுப் பிளக்கை மாட்டியும் இல்லை.

“ஒங்களுக்குக் கண்ணு தெரியல. கையில பிடிங்க, கரண்டு வருதான்னு பாப்போம்.”

பிடித்தேன். அவர் எழுந்து வந்து இழுத்தார். ஒன்றும் வரவில்லை.

“ஒங்க ஒடம்புல கரண்டுகூட ஏற மாட்டேங்குது” என்று சிரித்தார். பிறகு மூடியைத் திறந்து ஒயரையெல்லாம் ஆட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றுபோனது. “பொறி குடுக்குற காயில் போச்சுலே. பிளக்கைத் தொட்டுக் கெடுத்தது நீதான். கரையேறுனதும் ஒன் ஊருக்கே போயிரு. இனி இந்தப் படகுல காலு வைக்காத.”

கரையிலுள்ள பனைகள் தெரியாமல் போன பிறகு எங்கள் ஊர்ப் படகு ஒன்று வந்தது. அதை ஓட்டியவருக்கும் மச்சானுக்கும் ஆகாது. கயிறு போட்டு இழுத்துப் போகத்தான் எங்கள் படகில் தாவினார். தாவியவர் எஞ்சினை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

எஞ்சினின் முன்பக்கம் சிவப்புப் பட்டன் ஒன்று உண்டு. அதற்கடியில் ஒரு கிளிப்பு செருகியிருக்கும். கிளிப்பில் தொங்கும் சுருள் கயிற்றை ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆள் தவறிக் கடலில் விழுந்தால் கிளிப்பு பிடுங்கிக்கொண்டு பட்டன் உள்ளே போகும், எஞ்சின் நிற்கும். எங்கள் கரையில் யாரும் அதை மாட்டுவதில்லை, வலை இழுக்கும்போது கையில் சிக்கும். கிளிப்பைத் தூரப்போட்டுவிட்டு, பட்டன் உள்ளே போகாதபடி வலைநூலை அடியில் சுற்றிக் கட்டிவிடுவார்கள். வருஷக்கணக்கில் அப்படியே கிடப்பதால் அது ஒரு சுவிட்சு என்பதே மறந்துபோகும். எங்கள் நூல் உப்பிலும் வெயிலிலும் இற்று அவிழ்ந்திருந்தது. பட்டன் உள்ளே இறங்கியிருந்தது.

“ஏலே, ஊருக்கே எஞ்சின் பாக்குற மேதாவி! சுவிட்ச அமத்தி வச்சிட்டா கயித்த இழுத்தீக?”

மச்சான் முகம் கறுத்தது. ஒரு நொடிதான். “மாப்பிள்ளை கட்டுன கட்டு அது. வேற எப்படி இருக்கும்?” என்றார்.

அதைக் கட்டியவர் அவர். கட்டிய அன்று மிச்ச நூலைப் பல்லால் கடித்து அறுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

வந்தவர் பட்டனை இழுத்துப் புது நூல் சுற்றினார். “இப்பப் பிடிங்க மாப்பிள்ளை, பாப்போம்” என்று மச்சான் பிளக்கை என் கையில் திணித்துவிட்டுக் கயிற்றைச் சுண்டினார். தோள்பட்டை வரைக்கும் அடித்தது. வலை மேல் மல்லாக்க விழுந்தேன். அந்தப் படகிலிருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஆகாதவர்கள் இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மனைவி கேட்டாள். “நீங்களா கட்டுனீக?”

“இல்ல. ஒங்க அண்ணன்தான்.”

குழம்பை ஊற்றினாள். “நாந்தான் கட்டுனேன்னு போயிச் சொல்லிருங்க. நாளைக்குக் கடலுக்குப் போகணும்ல.”

விடிந்ததும் போனேன். கரையில் எல்லோரும் வலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். “மச்சான், அந்த நூலக் கட்டுனது நாந்தான்” என்றேன்.

“என்னது? அங்கன நிக்கிறவுகளுக்குக் கேக்கல மாப்பிள்ளை.”

கத்திச் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. அவர் என் தோளில் கை போட்டார். “நம்ம மாப்பிள்ளைதான, விட்டுர முடியுமா? ஏறுங்க” என்றார். ஏறினேன். இன்றுவரை அந்தப் படகில்தான் போகிறேன்.

போன மாதம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். சுவிட்சு மாப்பிள்ளை மகள் என்று பிள்ளைகள் கூப்பிடுகிறார்களாம். “நெசமாவே நீங்கதான் கட்டுனீகளா அய்யா?” என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால் நேரே மாமனிடம் போய்ச் சண்டை பிடிப்பாள். அப்படிப்பட்ட பிள்ளை.

“ஆமாத்தா” என்றேன்.

அவள் அழுகையை நிறுத்தினாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை.