கதையோடு வரும் கடிகாரம்

கையில் கொடுத்த கடிகாரத்தை ரூபேந்திரன் முதலில் பார்ப்பதில்லை. காதருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்கிறார். விற்க வந்தவர் அதற்குள், "இது எங்க பெரியப்பா லண்டன்லேர்ந்து..." என்று ஆரம்பித்திருப்பார். ரூபேந்திரன் கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தி, "பக்கத்துக் கடையில தே தாரிக் நல்லாருக்கும் சார். குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். ஆள் வெளியே போன பிறகுதான் பூதக்கண்ணாடி அவர் கண்ணுக்கு ஏறும்.

"கத கேட்டா கண்ணு மங்கிரும்மா" என்பது அவர் என்னிடம் சொன்ன காரணம். மலேசியாவின் ஜொகூர் பாருவில் பழைய சுவிஸ் கடிகாரங்களை வாங்கி விற்கும் எங்கள் கடையில் நான் முன்மேசையில் உட்காருபவள். வந்தது அசலா போலியா என்று சொல்வது அவர் வேலை.

இப்போதைய போலிகள் லேசுப்பட்டவை அல்ல. எடை சரியாக இருக்கிறது, விநாடி முள் வழுக்கிக்கொண்டு போகிறது, பெட்டியும் உத்தரவாத அட்டையும்கூடக் கூடவே வருகின்றன. ரூபேந்திரன் எழுத்துகளின் ஓரத்தைப் பார்ப்பார். சாவி கொடுக்கும் திருகை இரண்டு விரலால் மெல்லத் திருப்பி, "மண்ணு அரைக்குது" என்பார். தேதிக்கு மேல் ஒட்டியிருக்கும் குமிழ்க்கண்ணாடிக்குள் எண் கட்டம் நிறைய நிற்கிறதா, நோஞ்சானாக ஒதுங்கி நிற்கிறதா என்று பார்ப்பார். கடைசியில்தான் பின்மூடியைத் திறப்பார். போலி என்று சொல்ல வேண்டி வந்தால் ஒருமுறை கழிவறைக்குப் போய்வந்துதான் சொல்வார். ஆனால் சொன்னதை மாற்றமாட்டார். கணவர் தந்தது என்று ஒரு பெண்மணி அழுதபோது அவரும் சேர்ந்து கண்கலங்கினார். "மன்னிச்சிருங்கம்மா, இது டூப்புதான்" என்றார்.

ஆள் ஒல்லி. ஐம்பதைத் தொட்டாயிற்று. தம்போயில் வீடு. மோட்டார் சைக்கிளைப் பூட்டிவிட்டுக் கடை வாசல்வரை வந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவார். வெயில் மண்டையைப் பிளக்கும்போது, "சாயங்காலம் மழ வந்துட்டா என்னா பண்றது?" என்று கவலைப்படுவார். கவலை முற்றினால் இஞ்சி மிட்டாய். சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து சரசரத்துக்கொண்டிருக்கும்.

இப்படிப்பட்டவருக்குப் பக்கத்து நாற்காலியாக வாய்த்தவர் காளிதாஸ். கடையில் விற்பனையைப் பார்ப்பவர். அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு என்பார்களே, இரண்டுக்கும் நடுவில் ஏதாவது இருந்தால் அதுவும் அவருடையதுதான். யோங் பெங் பக்கம் செம்பனைத் தோட்டத்து வழியாக வந்தபோது அவர் மோட்டாரின் பின்னிருக்கையில் ஒரு புலி ஏறிக்கொண்டதாம். "நான் திரும்பியே பாக்கலையே! டோல் கிட்ட வந்ததும் அதுவா எறங்கிப் போயிருச்சுலா" என்பார். கடையே சிரிக்கும். ரூபேந்திரன் மட்டும் நிமிர்ந்து, "நெடுஞ்சாலையில மோட்டாருக்கு டோல் கெடையாதேண்ணே" என்பார். காளிதாஸ் கோபப்படமாட்டார். "புலிக்கு உண்டு" என்பார்.

அவர் கதைகளில் பெரியது அவர் மணிக்கட்டிலேயே இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் பெருமழையில் கால்வாய்க்குள் விழுந்த சீனத் தவுக்கே ஒருவரைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினாராம். அந்த முதலாளி தன் கைக் கடிகாரத்தைக் கழற்றி இவர் கையில் கட்டிவிட்டாராம். தங்கமும் எஃகும் கலந்த பட்டை, தேதிக்கு மேல் குமிழ். வாடிக்கையாளர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். கேட்டு முடித்து ஏதாவது வாங்கியும் போவார்கள்.

"அவரு வாட்ச்சுல தேதி நோஞ்சானா இருக்கும்மா" என்று ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது ரூபேந்திரன் என் காதோடு சொன்னார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டாராம். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

காளிதாஸின் மகள் தர்ஷினிக்கு மாப்பிள்ளை அமைந்ததும் வினை வந்தது. நுணலும் தன் வாயால் கெடும். பெண் பார்க்க வந்தவர்களிடம் கால்வாய்க் கதையை ராகம் போட்டுச் சொல்லி, நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை கையில் இதைத்தான் கட்டுவேன் என்று சபையில் வாக்கும் கொடுத்துவிட்டார். மாமனார் மாப்பிள்ளைக்கு மோதிரமும் கடிகாரமும் போடுவது வழக்கம்தான். அதில் இந்தக் கடிகாரமா! மாப்பிள்ளையின் தாய்மாமன் ராஜசேகரன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை மேற்பார்வையாளர். கேட்டதை அப்படியே நம்பும் ஜாதி அல்ல என்று காளிதாஸே எங்களிடம் சொன்னார்.

அன்றிலிருந்து ரூபேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை. "நாளைக்கு அந்தப் பையன் எங்கயாவது கொண்டுபோயிக் காட்டுனா? பொண்ணு வாழ்க்கமா. காலம் பூரா சொல்லிக் காட்டுவாங்க" என்று என் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்படியானால் நீங்களே அவரிடம் சொல்லுங்கள் என்றேன். "மாப்பிள்ளைக்குக் கட்டப் போறாரு, என் வாயால எப்படிம்மா?" என்றார். பிறகு ஒருவழியாகத் துணிந்து காளிதாஸிடம் போனார். உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, அந்த வாட்ச்ச ஒரு நாள் சர்வீஸுக்குக் குடுங்களேன். தொறந்து பாத்துத் தரேன்."

காளிதாஸ் கடிகாரத்தை மற்றக் கையால் மூடிக்கொண்டார். "அலமாக்! இத எவனும் தொறக்கக் கூடாதுன்னு அந்தத் தவுக்கே சத்தியம் வாங்கிட்டுல்ல போனாரு?" என்று சிரித்தார். ரூபேந்திரன் திரும்பி வந்து இரண்டு இஞ்சி மிட்டாய்களை ஒரே நேரத்தில் வாயில் போட்டுக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்போயில் கோயில் மண்டபத்தில் நிச்சயதார்த்தம். தட்டு மாற்றியாயிற்று. மோதிரம் போட்டாயிற்று. காளிதாஸ் பட்டுத்துணியிலிருந்து கடிகாரத்தை எடுத்ததும் ராஜசேகரன் கை நீட்டி வாங்கிக்கொண்டார். இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு, வேறு எங்கோ போகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்த அந்தப் பார்வை, எங்கள் வரிசைக்கு வந்தது.

"கடையில ஒரிஜினலா டூப்பான்னு பாக்குறவரு நீங்கதானே? சம்பந்தி உங்களப் பத்தி நெறையச் சொல்லியிருக்காரு. ஒரு பார்வ பாத்துச் சொல்லுங்களேன், சும்மா, ஒரு சந்தோஷத்துக்கு."

நான் காளிதாஸைப் பார்த்தேன். எதற்கும் ஒரு கதை வைத்திருக்கும் அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. அது போலி என்று அவருக்கும் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. தர்ஷினி தலையைக் குனிந்து வளையல்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

ரூபேந்திரன் எழுந்து போனார். கடிகாரத்தை வாங்கினார். காதில் வைக்கவில்லை, கண்ணருகே கொண்டுபோகவில்லை. நேராக மாப்பிள்ளையின் மணிக்கட்டில் மாட்டிப் பார்த்தார். பையன் ஒல்லி, கடிகாரம் முழங்கைவரை ஏறி இறங்கியது.

"பாருங்க, வளையலாட்டம் ஆடுது. பட்டையில கண்ணி கழட்டணும். இப்படியே கட்டுனா எங்கயாவது விழுந்துரும்."

"அது சரி, நான் கேட்டது என்னான்னா..."

"கேட்டுச்சுங்க. மண்டபத்துல வெச்சு நான் எந்த வாட்ச்சும் பாக்குறதில்ல. கடைக்குக் கொண்டுபோறேன்." கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "ஐயரே, நல்ல நேரம் இருக்குங்களா?"

"முடியப் போகுது, சீக்கிரம் ஆகட்டும்" என்றார் ஐயர்.

ரூபேந்திரன் தன் கையிலிருந்ததைக் கழற்றினார். கண்ணாடியில் கீறல் விழுந்த சாதாரண ஜப்பான் கடிகாரம். வேட்டியில் ஒருமுறை துடைத்து அதைக் காளிதாஸின் உள்ளங்கையில் வைத்தார். "கட்டுங்கண்ணே" என்றார். காளிதாஸின் விரல்களுக்கு அந்தக் கொக்கி பிடிபடவே இல்லை. மாப்பிள்ளையே மறு கையால் உதவி செய்து மாட்டிக்கொண்டான். சபையில் யாரோ குலவையிட்டார்கள்.

"அடுத்த வாரம் நானே கடைக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்றார் ராஜசேகரன். வந்தால் ரூபேந்திரன் என்ன சொல்வார் என்பதை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

பந்தியில் எனக்கு எதிர் வரிசையில்தான் ரூபேந்திரன் உட்கார்ந்திருந்தார். காளிதாஸ் பாயச வாளியோடு ஒவ்வோர் இலையாக வந்தார். ரூபேந்திரன் இலைமுன் வந்ததும் நின்றார். "ரூபேன்..." என்றார். கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பின்னால் ராஜசேகரன் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டு வரிசையைக் கடந்து போனார். ரூபேந்திரன் நிமிர்ந்து பார்க்காமல் சோற்றுக்கையால் இலையைச் சற்று முன்னே தள்ளினார், ஊற்றச் சொல்லி. இடக்கை சட்டைப்பையின் மேல் அழுத்திப் பிடித்தபடியே இருந்தது.