மாதிரி என்று சொல்லாத தையல்காரி

அந்தத் தெருவில் தையல்காரியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. சட்டை இறுக்குகிறது என்று யாராவது வந்து நின்றால், "சட்டை சுருங்கலைங்க, நீங்கதான் ஊதிட்டீங்க. அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிச்சது யாரு?" என்று கேட்டு வந்தவரை ஆளே இல்லாமல் ஆக்கிவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு வருஷமாக "நாளைக்கு வாங்க", "பொத்தான் குறையுது" என்பதற்கு மேல் பேசுவதில்லை. பெரிய மகளைப் பறிகொடுத்த துக்கம் என்று தெரு சொன்னது. துக்கம்தான், யார் இல்லை என்றது? ஆனால் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் வேறு.

பெரியவள் இருந்தபோது இங்கிலீஷ் பாடத்துக்காக அணிகளின் பெயர்களையெல்லாம் படிக்க வேண்டியிருந்தது. ஒன்றை இன்னொன்று மாதிரி என்றால் சிமிலி. மாதிரியை விட்டுவிட்டு, அதுவேதான் இது என்று அடித்துச் சொன்னால் மெட்டஃபர். ஊதிப் பெருக்கினால் ஹைபர்போலி. புத்தகத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு கத்தினாலும் அவள் மண்டையில் ஏறாது. அதனால் உள் அறையில் உட்கார்ந்துகொண்டு, முன் அறையில் அம்மா பேசுவதற்கெல்லாம் பெயர் வைக்க ஆரம்பித்தாள்.

"உங்க அப்பாகிட்ட நூறு தடவை சொல்லிட்டேன்" என்று தையல்காரி ஆரம்பித்தால், உள்ளேயிருந்து "ஹைபர்போலி!" என்று கத்தல் வரும். "இந்த மெஷின் இன்னிக்கு என்கிட்ட முறைச்சுக்கிட்டு நிக்குது" என்றால், "பெர்சானிஃபிகேஷன்! உயிரில்லாததுக்கு உயிர் குடுக்குறே!" துணி கொடுக்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தையல்காரிக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது, ஆனாலும் தான் திட்டுவதற்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் பெயர் இருக்கிறது என்பதில் பெருமை பிடிபடாது. சிமிலியும் மெட்டஃபரும் மட்டும் பெரியவளுக்குக் கடைசி வரை மாறி மாறித்தான் வந்தன. கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்ட சின்னவள் திருத்தப் போவாள், அக்காள் தங்கைக்குள் முடியைப் பிடிக்கிற சண்டை நடக்கும். யார் சொல்வது சரி என்று தையல்காரிக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

பிறகு ஒருநாள் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

எல்லாம் முடிந்து தையல்காரி மறுபடி மெஷின் முன் உட்கார்ந்த அன்றைக்கே ஊசி உடைந்தது. "பாழாப்போன மெஷின், என் உயிரை வாங்குது" என்றாள். உள்ளேயிருந்து குரல் வந்தது: ஹைபர்போலி! துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். நாற்காலி காலியாக இருந்தது. மறுநாளும் குரல் வந்தது, மறுநாளும் ஓடினாள். ஒவ்வொரு தடவையும் பெற்ற வயிறு புதிதாகப் பற்றி எரிந்தது. கடைசியில் பேச்சையே வடிகட்டிவிட்டாள். பசி என்றால் பசி, வலி என்றால் வலி, அவ்வளவுதான். பெயர் வைக்க எதுவுமில்லை, குரலும் நின்றுபோனது.

இப்போது அதே பாடம் சின்னவளுக்கு வந்தது. வீட்டில் பேசுவதிலிருந்தே எடுத்து எழுதி வரும்படி டீச்சர் சொல்லியிருந்தார். சாயங்காலம் அவள் பேனாவும் நோட்டுமாக வந்து மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏதாவது பேசும்மா."

"என்ன பேசுறது? போய்ச் சாப்பிடு."

"'போய்ச் சாப்பிடு'ங்கிறதை என்னன்னு எழுதுறது? உன் பேச்செல்லாம் அவளுக்கு மட்டும்தானா? அவ போயிட்டா, நான் இருக்கேனேம்மா! என்னைத் திட்டக்கூட மாட்டேங்கிற!"

தையல்காரியின் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. திட்டவில்லை என்று ஒரு பிள்ளை ஏங்கும் என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"பேசினா அவ கூப்பிடுறாடி" என்றாள். "உள்ள இருந்து, முன்ன கத்துவாளே, அதே குரல்ல. ஓடிப் போய்ப் பாத்தா இல்ல. எத்தனை தடவைதான் நான் அவளைத் தூக்கிக் குடுக்கிறது?"

கேட்டால் பிள்ளை பயந்துவிடும் என்றுதான் இத்தனை நாளும் மறைத்திருந்தாள். சின்னவள் பயப்படவில்லை. அவள் முகம் அழுகையில் கோணிக்கொண்டு போயிற்று.

"எனக்கு ஒரு தடவைகூடக் கேக்கலையே, அம்மா. நான் அந்த ரூம்லதானே படுக்குறேன்."

தையல்காரி மகளைப் பார்த்தாள். எண்ணெய் காணாத தலை, ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கும் ரிப்பன். குரல் வரும் என்று தெரியும். ஆனாலும் சொன்னாள்.

"உன் தலை குருவிக்கூடு மாதிரி இருக்குடி."

இரண்டு பேரும் உள் அறையைப் பார்த்தார்கள். எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தையல்காரியின் கண் நிறைந்தது, இந்தத் தடவை அவள் எழுந்து ஓடவில்லை.

"கேட்டுச்சா?" என்றாள்.

"இல்லையே. என்ன சொன்னா?"

"மெட்டஃபராம்."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "தப்பு! சுத்தத் தப்பு! அவளேதாம்மா!"

பிறகு குனிந்து, நோட்டில் மெட்டஃபர் என்றே எழுதினாள். நாளைக்கு டீச்சர் சிவப்பு மையில் அடிப்பார், அடித்துவிட்டுப் போகட்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள் அறைக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அடுத்தது சொல்லும்மா" என்றாள். "மெதுவா சொல்லு. அவ யோசிக்கட்டும்."