வீட்டாளுக்கு ஒரு விலை

கார் விற்கிற கடையில் வேலை, வருவதும் போவதும் பஸ்ஸில். அதனால் கடையில் அவனுக்குப் பெயர் பஸ்பாஸ். முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. சம்பளச் சீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அந்தப் பெயர்தான் ஓடியது. "பஸ்பாஸ், உனக்கு ஆள் வந்திருக்கு" என்று கண்ணாடிக் கதவருகிலிருந்து யாராவது கூவினால், வந்த ஆளே சிரித்துவிடுவார். அவனும் சேர்ந்து சிரிப்பான். சிரித்தபடியே அவரை உட்கார வைத்து, டிக்கியில் எத்தனை பெட்டி போகும், முழங்கால் வலிக்காரர்களுக்கு எந்த வண்டியில் ஏறி இறங்கத் தோது என்று ஆரம்பித்தானென்றால், அவர் அடுத்த கடைப்படி ஏற மாட்டார். பொய் மட்டும் அவனுக்கு வராது. சொன்னால் காது சிவந்துவிடும். கார் விற்கிறவனுக்கு இப்படி ஒரு காது இருப்பது பெரிய இடைஞ்சல்தான். ஆனால் அந்தக் காதை நம்பியே வந்தவர்களும் உண்டு.

நாள் முழுக்க இப்படிப் பேசியே பிழைக்கிறவன், வீட்டில் ஒருத்தியைக் கூப்பிட மட்டும் ஒரு வார்த்தை இல்லாமல் முப்பது வருஷத்தை ஓட்டியிருந்தான்.

அவனைப் பெற்றவள் இறந்தபோது அவன் சின்னப் பையன். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகச் சமாளித்தார். பிறகு ஒரு நாள், சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஒருத்தியைக் கல்யாணம் செய்து கூட்டிவந்தார். "சித்தின்னு கூப்பிடு" என்றார். பையன் வாயைத் திறக்கவில்லை. "விடுங்க, வாயில வர்றப்ப வரட்டும்" என்றாள் அவள்.

வரவில்லை. அவள் கொடுமைக்காரியாக இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். வெறுத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பான். அவளோ அவன் பள்ளிக்கூடச் சட்டையைக் காலர் மடங்காமல் தேய்த்து வைத்தாள், காய்ச்சல் வந்தால் தூங்காமல் பக்கத்தில் கிடந்தாள், தனக்கென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவளை அம்மா என்றோ சித்தி என்றோ கூப்பிட்டுவிட்டால், செத்துப்போனவள் இன்னொரு தரம் செத்துப்போவாள் என்று அந்த வயதில் அவனுக்கு ஒரு பயம். வயது ஏறியது. பயம் போய்விட்டது. கூச்சம் மட்டும் அந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

ஆகவே "இந்தாங்க", "இங்க பாருங்க", "கேக்குதா" என்ற மூன்றையும் வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டினான். அவள் அடுத்த அறையில் இருந்தால் எழுந்து போய்க் கதவைத் தட்டுவான். இதைப் பார்த்துப் பார்த்து அவன் மனைவிக்கு அலுத்துவிட்டது. "நான் வந்த ஒரு வாரத்துல அத்தைன்னு கூப்பிட்டுட்டேன். உங்களுக்கு என்ன, அந்த வார்த்தைக்கு வரியா போட்டிருக்காங்க?" என்பாள்.

அவனை வளர்த்தவளும் எல்லை தாண்டியதில்லை. அவனைத் தம்பி என்றே அழைப்பாள். அவன் இருக்கும்போது யாராவது விசாரித்தால், "எங்க வீட்டுக்காரரோட பையன்" என்பாள். அவன் கல்யாணத்தில் படம் எடுக்கக் கூப்பிட்டபோது, தானாகவே ஓரமாகப் போய் நின்றுகொண்டாள்.

போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு காலும் ஒரு கையும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. வாரம் இரண்டு தடவை மருத்துவமனைக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். வாடகை வண்டிக்காரர்கள் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் பாராமுகமாகப் போய்விடுவார்கள். இரண்டு மூன்று தடவை வெயிலில் நின்று பார்த்தாள். பிறகு யாரிடமும் சொல்லாமல், தலை நரைத்த வயதில், ஓட்டுநர் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். உரிமம் கைக்கு வந்த மறுநாள் பஸ்பாஸின் கடைக்கு வந்து, மற்றவர்களைப் போலவே அவன் மேஜைக்கு எதிரில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"தம்பி, சக்கர நாற்காலி உள்ள போற மாதிரி ஒரு சின்ன வண்டி வேணும். எல்லாருக்கும் என்ன விலையோ அதையே போடு. எனக்காக எதையாவது பண்ணி இங்க உன் பேரைக் கெடுத்துக்காத."

சலவைக் கடையில் நீராவியில் நின்று சேர்த்த காசு. அதை முழுசாக வாங்க அவனுக்கு மனம் வரவில்லை.

அந்தக் கடையில் ஊழியரின் குடும்பத்துக்கென்று தனி விலை ஒன்று உண்டு. வீட்டாள் விலை என்பார்கள். கம்ப்யூட்டரில் உறவு என்ன என்று ஒரு கட்டம் வரும்: கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். ஒன்றைத் தொட்டால் போதும். அவனுடைய விரல் "பெற்றோர்" மேல் போய் நின்றது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். மறுபடி பார்த்தான். தொட்டால் கடை முழுக்கத் தெரியும், நாளைக்கு எவனாவது "உங்க அம்மா வண்டி எப்படி ஓடுது?" என்பான், அது அவள் காதிலும் விழும். கடைசியில் "வெளி ஆள்" என்பதைத் தொட்டான். தன் கைக்கு இருந்த தள்ளுபடி அத்தனையையும் போட்டு, தன் கமிஷனையும் விட்டுக்கொடுத்து, வீட்டாள் விலைக்கும் கீழே இறக்கிவிட்டான். எல்லாருக்கும் இதே விலைதான் என்று அவளிடம் சொன்னபோது காது சிவந்தது. நல்லவேளையாக அவள் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்க்கடையில் இருபது வருஷம் இருந்தவன் செய்யக் கூடாத தப்பு அது. வீட்டாள் விலைக்கு விற்றது கடையோடு நின்றுவிடும். வெளி ஆளுக்கு விற்றது நிற்காது. அன்றன்றைக்கு விற்ற வண்டி, விலை, வாங்கியவரின் போன் நம்பர் எல்லாம் கடை மூடும் நேரத்தில் தானாகவே கிளம்பி இரண்டு கம்பெனிகளுக்குப் போய்விடும். ஒரு கம்பெனி, இந்தக் கடையில் இந்த வண்டியை இன்ன விலைக்கு வாங்கியிருக்கிறார்கள் என்று எல்லார் போனிலும் காட்டும். இன்னொன்று, வண்டி வாங்க நினைக்கிறவர்கள், விற்க நினைக்கிறவர்கள் என்று ஆள் பிடித்துக் கடைகளுக்குக் கொடுக்கும். எல்லாம் கொடுக்கல் வாங்கல். இதற்குச் சம்மதம் என்று வாங்குகிறவர் கையெழுத்துப் போடும் தாளில் பொடி எழுத்தில் இருக்கும்; அதைப் படித்த ஒருவரையும் அவன் இதுவரை பார்த்ததில்லை. அவளும் படிக்காமல்தான் போட்டாள்.

அடுத்த வாரம் ஒரு இளம் ஜோடி வந்தது. பஸ்பாஸ் டிக்கியைத் திறப்பதற்குள் அந்தப் பெண் போனை நீட்டினாள். "இந்த விலைக்கு உங்க கடையிலயே கொடுத்திருக்கீங்க. எங்களுக்கும் அதையே போட்டுடுங்க." மறுநாள் இன்னும் இரண்டு பேர். அதற்கு மறுநாள், ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், குடையோடும் பொறுமையோடும் வந்து, அந்த விலைக்குக் கொடுக்கும் வரை எழுந்திருப்பதில்லை என்று சோபாவில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

மேனேஜர் தோண்டிப் பார்த்தார். குட்டு வெளிப்பட்டது.

"யோவ் பஸ்பாஸ், வெளி ஆளுக்கு எவனாவது சொந்தக் கமிஷனை விட்டுக்கொடுப்பானா? காதுல பூ சுத்தாத. அந்த அம்மாகிட்ட தனியா எவ்வளவு வாங்கின?"

"ஐயோ, அப்படி எல்லாம் இல்ல சார். அவங்க எங்க அப்பாவோட..." என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் வாக்கியம் நகரவில்லை. முப்பது வருஷமாகத் தாண்டித் தாண்டிப் போன இடம் அல்லவா, இப்போது நேராக வந்து காலை வாரியது.

"நாளைக்குக் காலையில அந்த அம்மாவை நான் நேர்ல வரச் சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் ஒழுங்கா ஒரு காரணம் சொல்லணும். இல்லன்னா நீ கெளம்பலாம்."

அன்று மாலை அவன் போனில் ஒரு பெண் குரல் வந்தது. விலை காட்டுகிற கம்பெனியில் சரிபார்க்கும் பிரிவாம். ஒரு விலை ரொம்பக் கீழே இருந்ததால் வாங்கியவரையே கூப்பிட்டுக் கேட்டார்களாம்.

"ரொம்ப நல்லா பேசினாங்க சார். 'எம்பிள்ளைதான் எனக்கு இந்த வண்டிய எடுத்துக் கொடுத்துச்சு, எதுவா இருந்தாலும் அவனைக் கேளுங்க'ன்னு உங்க நம்பரைக் கொடுத்தாங்க. சொந்த அம்மாவுக்கு வித்ததைப் போய் வெளி ஆள்னு அனுப்பலாமா சார்? உங்க மேனேஜர் மாத்தி அனுப்பினா, நாங்க அந்த விலையை எடுத்துடுவோம்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தொடர்ந்தாள். "வண்டியை விக்கிறீங்களா, மாத்துறீங்களான்னு வேற கம்பெனிக்காரங்க வேற கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்களாம். கூப்பிடுற எல்லாரும் உங்க கூட வேலை பாக்கிறவங்கன்னு அம்மா நினைச்சுக்கிட்டு, எம்பிள்ளை எப்படி இருக்கான், சாப்பிட்டானான்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க. என்னையும் கேட்டாங்க சார்."

போனை வைத்துவிட்டு, விற்பனைக்கு நின்றிருந்த ஒரு வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். எம்பிள்ளை. ஊர் பேர் தெரியாத ஆளிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். சலவைக்கு வருகிறவர்களிடம், ஆஸ்பத்திரி வரிசையில், ஓட்டுநர் பள்ளியில் எல்லாம் சொல்லியிருப்பாள். அவன் காதில் மட்டும் விழாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவனுக்குப் பிடிக்காது என்று. அதை நினைத்ததும் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. புது வண்டியின் பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதான்.

மறுநாள் காலையில் அவள் அப்பாவை மருமகளிடம் விட்டுவிட்டு, தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். மேனேஜர் அறைக்குள் நுழையும்போதே முகம் வெளுத்திருந்தது. வீட்டு மனுஷிக்கு விற்றதுதான் தப்பு, அதனால்தான் தம்பியை மிரட்டுகிறார்கள் என்று அவளே ஒரு முடிவு கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"உக்காருங்கம்மா. ஒரே ஒரு கேள்விதான்" என்றார் மேனேஜர். "இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

அவள் பஸ்பாஸைப் பார்க்கவே இல்லை.

"ஒண்ணும் வேணாம் சார். தெரிஞ்ச தம்பி. முன்னாடி எங்க தெருவுல இருந்துச்சு, அவ்வளவுதான். சொந்தம் எல்லாம் கிடையாது." குரல் நடுங்கியது. "வண்டிய வேணும்னா திரும்ப எடுத்துக்கோங்க. அது நல்ல பிள்ளை சார். அதை ஒண்ணும் சொல்லாதீங்க."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "அப்ப சரி. இதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல." பஸ்பாஸை வேலையிலிருந்து நிறுத்துவதற்கான தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"அம்மா" என்றான் அவன்.

கூப்பிட்டது தன்னைத்தான் என்று அவளுக்குப் புரியவில்லை. யாரோ வந்திருக்கிறார்கள் என்று கதவைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"அம்மா, உங்களத்தான். பயப்படாம உண்மையச் சொல்லுங்க." பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினான். "எங்கம்மா சார். என்னை வளத்தவங்க. பெற்றோர்னு போட்டிருக்கணும், போடல. அதுக்கு வாய் வரல எனக்கு. காசு ஒண்ணும் வாங்கல. தப்பு முழுக்க என்னோடதுதான்."

மேனேஜர் அவன் காதைப் பார்த்தார். இருபது வருஷப் பழக்கம். அந்தக் காதை அவருக்குத் தெரியும். சிவக்கவில்லை. அவளைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னய்யா?" என்று அவர் பேனாவை மூடினார். கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்து, வெளி ஆளை எடுத்துவிட்டுப் பெற்றோர் என்று போட்டார். "சாயங்காலம் இது போயிடும். அப்புறம் எவன் போன்லயும் அந்த விலை இருக்காது. கமிஷனை விட்டது விட்டதுதான், அதை மறந்துடு. அந்தக் குடைக்காரரை நீயே சமாளி." ஏதோ வேலை இருப்பது போல எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

வண்டி நிறுத்துமிடம் வரை இரண்டு பேரும் நடந்தார்கள். கதவைத் திறந்து ஏறப்போனவள் நின்றாள். திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அவனை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. திட்ட உரிமை வேண்டும், அது தனக்கு இல்லை என்று இருந்துவிட்டாள்.

"ஏண்டா, அறிவிருக்கா உனக்கு?"

அவன் திடுக்கிட்டான்.

"எல்லாருக்கும் இதே விலைதான்னு என்கிட்டயே பொய் சொல்லுவியா? பொண்டாட்டி பிள்ளை இருக்கிறவன், உன் கமிஷனை யாருடா விடச் சொன்னா? வேலை போயிருந்தா என்னடா பண்ணுவ?" குரல் ஏறிக்கொண்டே போனது. வண்டி கழுவிக்கொண்டிருந்தவர் தண்ணீரை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் விற்பனையாட்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் யாரையும் லட்சியம் செய்யவில்லை. "நாலு கழுதை வயசாகுது. இன்னும் உனக்கு நான் சொல்லணுமா? என்னடா, நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீ சிரிக்கிற?"

"இல்லம்மா" என்றான் அவன். "இனிமே பண்ணல."