தர்மிளாவின் வெள்ளைக் கார்

ஒரு கையில் தேநீர்க் கோப்பை, மறு கையில் கடித்து மீந்த பனங்கட்டித் துண்டு. வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள் தர்மிளா. பரந்தன் சந்தியில் காலை ஆறே முக்கால் மணி. பின்னால் ஒரு வான் போகிறது. "எங்கடை" என்கிறாள். அடுத்து ஓர் ஓட்டோ. "எங்கடை." பிறகு சற்றுக் கரகரத்தபடி ஒரு கார். ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஊரான்ரை" என்று முகத்தைச் சுளிக்கிறாள். திரும்பிப் பார்ப்பதில்லை. சத்தமே போதும்.

"எங்கடை" என்றால் அவளுடைய கராஜில் திருத்தப்படும் வண்டி. சொந்தம் என்று அவளிடம் இருப்பது ஒரு பழைய சைக்கிள் மட்டும்தான்.

முப்பத்தெட்டு வயது. சைக்கிள் ரியூப்பை வளையமாக வெட்டித் தலைமயிரைக் கட்டியிருப்பாள். போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் வாகனம் திருத்தும் பயிற்சிக்குப் போன இருபத்திரண்டு பேரில் இவள் ஒருத்திதான் பெண். மற்றவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். இவள் சந்தியில் தகரக் கொட்டகை போட்டாள்.

கெட்டிக்காரி என்று எல்லோரும் சொல்வார்கள். பொறாமைக்காரி என்பதை அவள் இல்லாத இடத்தில் சொல்வார்கள். வேறு கராஜில் காட்டிவிட்டு வரும் வண்டியை அவள் உடனே தொடமாட்டாள். ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்து மூக்கருகே பிடிப்பாள். "இது நான் விட்ட ஒயில் இல்லை. ஆர் கைவைச்சது? ஒண்டும் ஒளிக்காமல் சொல்லுங்கோ." வண்டிக்காரர் தலையைச் சொறிந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் ஸ்பானரை எடுப்பாள்.

இப்படிப்பட்டவள், போன மார்கழியில் ஒருநாள் யதுர்ஷிகா ரீச்சரின் வெள்ளைக் காரின் பின்கண்ணாடியில் அனோஜனின் கராஜ் ஸ்ரிக்கரைக் கண்டாள்.

ரீச்சர் உருத்திரபுரத்திலிருந்து பளையில் உள்ள பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர். தினமும் பரந்தன் சந்தியில் காரை நிறுத்தி, கூடப் படிப்பிக்கும் ஒருவரை ஏற்றிக்கொள்வார். அந்தச் சின்ன ஜப்பான் காரை ஆறு வருடமாகத் தர்மிளாதான் பார்த்து வந்தாள். அனோஜன், கட்டாரில் வேலை செய்து திரும்பிக் கிளிநொச்சி நகரில் கராஜ் திறந்தவன். குளிரூட்டி போட்ட கண்ணாடி அறை. வண்டியில் ஒரு வயரைச் செருகினால் நோயைத் திரையில் எழுதிக் காட்டும் ஸ்கானர்.

ஸ்ரிக்கரைக் கண்ட மறுநாளே, நட்டு வாங்கப் போவதாகச் சொல்லி பஸ் ஏறினாள். அவனுடைய கராஜுக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

"அவன்ரை கராஜ் நிலம் எங்கடை குசினியை விடத் துப்புரவாய்க் கிடக்குது" என்று கணவன் அஜந்தனிடம் பொருமினாள்.

வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அவன் சொன்னான்: "நான் மூண்டு நாள் வீட்டுக்கு வராட்டிலும் நீ இப்பிடி உளவு பாக்க வரமாட்டாய்."

அந்த வாரமே காரின் சத்தத்தில் ஒரு பிழை அவளுக்குப் பிடிபட்டது. எட்டுக் கிலோமீற்றர் ஓடி வந்த எஞ்சின் சந்தியில் நிற்கும்போது மெல்லத் தணிந்து முணுமுணுக்க வேண்டும். இதுவோ அப்போதுதான் வீட்டு முற்றத்தில் முடுக்கிவிட்டதுபோல உரத்து இரைந்தது. இன்னும் சூடேறவில்லை. தர்மிளாவுக்கு அன்று முழுவதும் நல்ல சந்தோஷம். இரண்டு கோப்பை தேநீர் கூடுதலாகக் குடித்தாள். மறுநாளும் அதே இரைச்சல். அதற்கு மறுநாளும்.

எட்டாம் நாள் சந்தோஷம் தீர்ந்துபோனது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. மற்ற ரீச்சர் வரத் தாமதமாக, கார் சந்தியில் நின்று இரைந்தபடியே இருந்தது. தர்மிளாவால் நிற்க முடியவில்லை. கோப்பையுடனேயே வீதியைக் கடந்து கண்ணாடியில் தட்டினாள்.

"ரீச்சர், எத்தினை நாளாய் இப்பிடி?"

யதுர்ஷிகாவின் முகம் சிவந்தது. "அக்கா... குறை நினைக்காதேங்கோ. வீட்டுக்காரர்தான் அங்கை குடுத்தவர்."

"அதை விடுங்கோ. நீல லைட் எங்கை வரை எரியுது?"

எஞ்சின் குளிர்ந்திருக்கும்வரை எரிகிற சின்ன நீல விளக்கைத்தான் கேட்டாள். ரீச்சர் அதைச் சுட்டிக்காட்டினார். அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. "ஆனையிறவு தாண்டினாப் பிறகுதான் நூருது. சில நாள் அந்தக் காத்துக்குத் திரும்பவும் பத்துது. பெற்றோலும் கூடக் குடிக்குது. அனோஜன் ரெண்டு தரம் சென்சர் மாத்திப் பாத்திட்டார்."

"பொனற்றைத் திறவுங்கோ."

திறந்ததும் ரேடியேற்றருக்குப் போகும் மேல் குழாயை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தாள். நோயாளியின் கையைப் பிடித்த பரியாரிபோலக் கண்ணை மூடிக்கொண்டாள். குழாய் வெதுவெதுப்பாக இருந்தது.

"நீல லைட் எரியேக்கை இது பச்சைத் தண்ணியாய்க் கிடக்கவேணும், ரீச்சர். எஞ்சின் சூடாகுமட்டும் தண்ணியை உள்ளுக்கை மறிச்சு வைக்க ஒரு வால்வ் இருக்குது. அது திறந்தபடி இறுகிப்போச்சு. வாய்க்காலுக்குத் தண்ணி விடுற துருசைப் பூட்டாமல் விட்டால் குளத்திலை தண்ணி நிக்குமோ?"

உருத்திரபுரத்துக் கமக்காரரின் மகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. "அப்ப நீங்களே மாத்தி விடுங்கோவன் அக்கா."

தர்மிளா எட்டு நாளாகக் காத்திருந்த வார்த்தை அது. ஆனால் வாயில் வந்தது வேறு. "இல்லை. அவரிட்டையே கொண்டு போங்கோ. வால்வைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்கோ. பரந்தன் தர்மிளா கையாலை தொட்டுப் பாத்துச் சொன்னவா எண்டும் சொல்லுங்கோ. மெசினாலை இல்லை, கையாலை. மறந்துபோகாதேங்கோ."

சொல்லிவிட்டு வந்தவளுக்குப் பகல் சோறு இறங்கவில்லை. இத்தனை நாள் தான் மட்டும் திறந்து மூடிய இடத்தை இன்னொருத்தன் திறப்பான் என்பது அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை வெள்ளைக் கார் தர்மிளாவின் கராஜுக்குள்ளேயே வந்து நின்றது. ஓட்டி வந்தவன் அனோஜன். கிட்டப் பார்த்தால் இன்னும் இளமையாக, இன்னும் துப்புரவாக இருந்தான். கையில் துணியில் சுற்றிய பழைய வால்வ்.

"நீங்கள் சொன்னது சரி அக்கா. கால்வாசி திறந்தபடி துருப்பிடிச்சு நிண்டது. சூடு காணாது எண்டு ஸ்கானர் காட்டினது. நான் சென்சரைத்தான் பிழை சொன்னன். ஒருக்காலும் தொட்டுப் பாக்கேல்லை."

அவள் பொனற்றைத் திறந்து அவன் செய்த வேலையை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குழாய்ப் பட்டிகள் அளவாக இறுக்கப்பட்டிருந்தன. ஒரு துளி ஒழுக்கில்லை. பழைய பசையைச் சுரண்டிப் பளிச்சென்று துடைத்திருந்தான். குறை சொல்ல ஒன்றுமே அகப்படாதது அவளுக்கு மிகவும் வலித்தது.

"வேலை துப்புரவு" என்றாள், அந்த இரண்டு சொல்லும் நாக்கைச் சுட்டதுபோல.

அவன் முகம் மலர்ந்தது. வால்வை அவளிடம் நீட்டினான். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பில் படிந்திருந்த துருவை நகத்தால் சுரண்டினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அதைத் தாங்கோ அக்கா. கராஜிலை கண்ணாடிக்குள்ளை வைக்கப்போறன், வாறவைக்குக் காட்ட" என்று அனோஜன் கையை நீட்டினான்.

தர்மிளா வால்வைத் தன் சேட்டுப் பையில் போட்டு, பொத்தானையும் பூட்டினாள்.