படிக்கட்டில் நின்ற முகங்கள்

என் வீட்டுக்காரர் போட்டோகிராபர். ஊரே இடம் கேட்டு அலைமோதும் அந்தப் பெரிய கல்லூரியில் அவருக்கு வருடத்தில் இரண்டு வேலை. கோடை விடுமுறையில், காசு கட்டிப் பயிற்சி வகுப்புக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளை வாசல் படிக்கட்டில் நிறுத்தி குரூப் போட்டோ எடுப்பார். கல்லூரி திறந்ததும், புதிதாகச் சேர்ந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து அடையாள அட்டைக்குப் படம் எடுப்பார்.

ஒருமுறை பார்த்த முகம் அவருக்கு மறக்காது. படிக்கட்டில் சிரித்த பிள்ளைகளில் ஒன்றுகூட அந்த நாற்காலிக்கு வந்ததில்லை.

"கண்ணை மூடினா வரிசையா வந்து நிக்குதுங்க," என்பார்.

"பேய்க்கும் போட்டோ எடுங்க, போங்க," என்று கேலி செய்வேன்.

அப்புறம் எங்கள் மகளே அந்த வகுப்புக்குப் போய்த்தான் தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அங்கே படித்தால் கல்லூரியில் இடம் நிச்சயமாம்.

"வேணாம்மா. அதுல படிச்சவங்க யாரும் உள்ள வந்து நான் பாக்கல."

"அபசகுனமா பேசாதீங்கப்பா. நான் வருவேன், பாருங்க."

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அனுப்பினோம். படிக்கட்டில் அவளையும் இவரேதான் எடுத்தார். அந்தப் படத்தை மட்டும் வீட்டில் மாட்டவிடவில்லை.

அடுத்த வருடம் இடமில்லை என்று பதில் வந்துவிட்டது. அறையை விட்டு அவள் வெளியே வரவில்லை. "நான் எதுக்கும் லாயக்கில்லம்மா" என்பதே பேச்சு.

கல்லூரி திறந்த அன்று இவர் பேயறைந்த மாதிரி வந்து அடுப்படியில் நின்றார்.

"வந்துட்டா," என்றார், குரலைத் தாழ்த்தி.

"யாரு?"

"படிக்கட்டுல நம்ம பொண்ணு தோள்ல கை போட்டு நின்னாளே, அந்த நெட்டைப் பொண்ணு. நாற்காலியில உக்காந்துகிட்டு, 'என்னை ஞாபகம் இருக்கா அங்கிள்'னு கேக்குறா."

"அந்த வகுப்பாலதான் கிடைச்சுதா?"

"அதத்தான் நானும் கேட்டேன். விண்ணப்பத்துல அதைப் பத்தி எழுதவே இல்லையாம். சும்மா லீவுல பொழுது போக்கத்தான் வந்தாளாம்."

அறைக்கதவு திறந்தது. மகள் வந்து நின்றாள்.

"அப்பா, எங்க குரூப்ல யாராவது வந்தாங்களா?"

அவர் என்னைப் பார்த்தார்.

"ஒருத்தரும் வரலம்மா."

"நல்லா பாத்தீங்களா?"

"நான் முகத்தை மறப்பேனா?"

"அப்போ நான் மட்டும் இல்ல," என்று பெருமூச்சு விட்டாள். தானே தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எத்தனை நாள் கழித்து! நான் அவள் முகத்தைப் பார்க்காமலே பரிமாறினேன்.

இப்போது அவள் போன் அடித்தாலே, அந்த நெட்டைப் பெண்ணோ என்று எட்டிப் பார்க்கிறேன். சேர்ந்து வெளியே போனால் நான்தான் முன்னால் நடக்கிறேன், எதிரே வரும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு.