அத்தை முன்னோக்கி நட்ட நாற்று

இன்று அத்தையோடு திருவாரூரில் அந்தப் படத்தைப் பார்த்தேன். போன வருடம் எங்கள் ஊர் வயலில் எடுத்தது. நடவுக் காட்சியில் அத்தையும் உண்டு.

படத்துக்கு மூலமான நாவலை வரி வரியாகப் படித்தவள் நான். திரும்பி வர பஸ் ஏறியதுமே போனில் விமர்சனம் தட்ட ஆரம்பித்துவிட்டேன்.

"என்ன எழுதுற? படிச்சுக் காட்டேன்."

படித்தேன். நாவலில், பண்ணையார் நிலத்தில் உரிமை கேட்டு இறங்கி நடும் பெண்கள் வழக்கம்போலப் பின்னோக்கி நகர்கிறார்கள். அதனால்தான் பின்னால் வரப்பில் வந்து நிற்கும் அடியாட்களைப் பார்க்கவில்லை. படத்திலோ முன்னோக்கி நடுகிறார்கள், நட்ட நாற்றைத் தாங்களே மிதித்துக்கொண்டு. நடவே தெரியாதவர்கள் எடுத்த படம்.

அத்தை முகம் சுருங்கியது.

"எனக்கா நடவு தெரியாது? பின்னால போனா கேமராவ விட்டுத் தள்ளிப் போயிடுவேன்ல? நானாத்தான் முன்னால வந்தேன். மத்தவளுங்களும் என்னப் பாத்து வந்தாளுங்க."

அத்தை விடவில்லை.

"புக்குல நான் இருக்கேனா?"

"இல்லத்த."

"அப்பறம் என்ன பெரிய புக்கு!"

விமர்சனத்தை அழித்துவிட்டேன். நாவலைவிடப் படமே மேல்.

அத்தை என் தோளுக்கு மேல் எட்டி இதைப் படித்துக்கொண்டிருக்கிறார். மாற்றுக் கருத்து உள்ளவர்கள், நாங்கள் குடவாசலில் இறங்கிய பிறகு கமெண்ட் போடவும்.