முப்பத்தொன்றைத் தாண்டாத மீன்

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்காலுக்குக் கல்லக்காவின் இடுக்கியிலிருந்து ஒரு மீனின் காதுக்கல் துள்ளி விழுந்து இரண்டாக உடைந்தது. ஒரு பாதி தரையில் கிடந்தது. மறு பாதி, தேநீருக்குத் தண்ணீர் வைக்கும் மின்னடுப்பின் தகட்டில் போய் விழுந்திருந்தது. அடுப்பை அணைத்துச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. எடுப்பதற்குள் கல் பழுப்பேறிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் அதைக் குப்பையில் போட்டிருப்பார்கள். உடைந்த கல்லானாலும் உறையில் போட்டு எண் எழுத வேண்டும் என்பது அந்த அறையின் விதி. அந்த விதியைப் போட்டவரே கல்லக்காதான். அதனால் எடுத்தார். எடுத்ததை நுண்ணோக்கியின் அடியில் வைத்தார்.

துறைமுகத்தை ஒட்டிய மீன்வள அலுவலகத்தின் மாடியில், வடக்குப் பார்த்த ஜன்னல் உள்ள அறை அவருடையது. மீனின் தலைக்குள், மூளைக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னக் கற்கள் இருக்கும். வருடத்துக்கு ஒரு படலம் வீதம் அவை வளரும். மரத்தின் வளையங்களைப்போல அந்தப் படலங்களை எண்ணி மீனின் வயதைச் சொல்வதுதான் கல்லக்காவின் வேலை. பத்தொன்பது வருடங்களாக அவர் எண்ணியது பெரும்பாலும் ஒரே வகை மீன். செங்கல் நிறமும் பெரிய கண்ணுமாக ஆழ்கடலில் இருப்பது. படகுக்காரர்கள் அதைச் சிவப்பான் என்பார்கள்.

ஒரே கல்லை இருவர் தனித்தனியாக எண்ண வேண்டும். ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எண்ணை எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகு இரண்டையும் ஒன்றாகத் திருப்ப வேண்டும். இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். அந்த இரண்டாவது ஆள் நான். திருப்பிப் பார்த்து, ஒத்துப்போன எண்ணைப் பதிவேட்டில் ஏற்றுவதும் என் வேலைதான். பத்தொன்பது வருடங்களில் நாங்கள் மறுபடி எண்ண நேர்ந்தது அறுபத்தாறு தடவை மட்டுமே. எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

கல்லக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. புதிதாக யார் வந்தாலும் முகத்தை ஒரு பார்வை பார்த்து வயதைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் தப்பாது. ஐஸ் தொழிற்சாலைக்காரர்கள், "அக்கா, எங்க தலைய உடைச்சுக் கல்லப் பாத்துறாதீங்க" என்று மாடிப்படியிலேயே கும்பிடு போடுவார்கள். அவருடைய வயதைக் கேட்டால், "நான் போனப்பறம் கல்ல எடுத்துப் பாத்துக்குங்க" என்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. தண்ணீர் ஆறிப்போயிற்று. பிறகு ஒரு சீட்டில் எதையோ எழுதிக் கவிழ்த்தார். நாற்காலியை விட்டு எழுந்தார்.

"எண்ணுங்க சார். ஒண்ணும் கேக்காதீங்க."

எண்ணினேன். உடைந்த பக்கத்தில், சூடுபட்ட பழுப்பில், மயிரிழை போன்ற கறுப்புக் கோடுகள் நெருக்கமாக ஓடின. நடுவில் எண்ணிக்கை தவறியதென்று நினைத்துத் திரும்ப முதலிலிருந்து வந்தேன். சீட்டில் 92 என்று எழுதினேன். அவருடைய சீட்டைத் திருப்பினேன். 94.

அதே கல்லை அன்று காலை நாங்கள் மேற்புறம் பார்த்து எண்ணியிருந்தோம். இரண்டு சீட்டிலும் 27.

சூட்டில் விரிசல் விட்டிருக்கும் என்றேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

"விரிசல் இவ்வளவு ஒழுங்கா வராது சார்" என்றார்.

ஒவ்வொரு மீனுக்கும் ஒரு கல்லை எண்ணிவிட்டு, ஜோடிக் கல்லை உறையிலிட்டுப் பத்திரப்படுத்தியிருந்தோம். அவற்றில் நாற்பதை எடுத்தோம். ஒவ்வொன்றையும் உடைத்து, தகட்டில் காட்டி, துளி எண்ணெய் தொட்டு எண்ணினோம். வெள்ளிக்கிழமை மாலை வரை ஆயிற்று. நாற்பதில் ஐம்பதுக்குக் கீழே இருந்தவை மூன்று. மூத்தது 118.

ஏன் இப்படி என்று கல்லக்காவே கண்டுபிடித்துச் சொன்னார். இருபத்தைந்து வயதுக்கு மேல் அந்த மீனின் கல் அகலமாக வளர்வதில்லை, தடிமனாக மட்டுமே வளர்கிறது. ஒரே அளவுத் தட்டுகளை அடுக்கிவைத்து மேலிருந்து பார்த்தால் ஒரு தட்டுதான் தெரியும். நாங்கள் பத்தொன்பது வருடமாக மேலிருந்து பார்த்தோம். இருவரும் ஒரே பக்கத்திலிருந்து பார்த்ததால் இருவருக்கும் ஒரே தப்பு வந்தது. சீட்டு ஒத்துப்போனதை நாங்கள் உண்மை என்று எடுத்துக்கொண்டோம்.

நான் பத்தொன்பது பதிவேடுகளையும் கீழே இறக்கிவைத்துப் புரட்டினேன். வயது என்ற கட்டத்தில் ஒரு 32கூட இல்லை. பதினோராயிரத்துச் சொச்சம் மீன்களில் ஒன்றுகூட முப்பத்தொன்றைத் தாண்டவில்லை. அவ்வளவு எண்களும் என் கையெழுத்து. முப்பத்தொரு வயதானதும் அந்த மீன்களெல்லாம் எங்கே போகின்றன என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பத்து வயதுக்கு உட்பட்ட மீன் கடைசியாக வந்தது ஏழாவது பதிவேட்டில். வலைக்குச் சின்ன மீன் சிக்காது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தோம்.

இனிச் சொல்ல வேண்டியது கல்லக்காவின் தம்பியைப் பற்றி. அப்பா கடலில் இறந்துபோனபோது அவனுக்கு ஒன்பது வயது. அக்காதான் வளர்த்தார். தம்பி படகோட்டியானான். கல்யாணம் செய்தான். மூவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். கரையோர மீன் குறைந்தபோது, ஆழத்துக்குப் போகலாமா என்று அவன் அக்காவைத்தான் கேட்டான். "அந்த மீன் தாங்குமாக்கா?" தாங்கும் என்றார் அக்கா. முப்பது வருடத்தில் ஒரு தலைமுறை போய் அடுத்தது வந்துவிடும் என்பது எங்கள் கணக்கு. அவன் படகைப் பிரித்து, ஆழ்வலை இழுக்கும் பெரிய உருளை வைத்துக் கட்டினான். அவனைப் பார்த்து இன்னும் பதினான்கு படகுகள் போயின. மார்ச் ஆறாம் தேதி, வியாழக்கிழமை, அலுவலகத்தில் கூட்டம். பிடிக்கும் அளவை இரட்டிப்பாக்கக் கேட்டுப் படகுக்காரர்கள் சார்பில் தம்பிதான் பேசப் போகிறான். அவன் சட்டைப்பையில் இருந்த ஆதாரம் எங்கள் எண்கள்.

பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வரச் சொன்னார் கல்லக்கா. "தனியா சொல்ல முடியல சார். நீங்களும் எண்ணினவர்தானே" என்றார்.

மேசை நடுவில் முழுசாக வெந்த சிவப்பான் ஒன்று இருந்தது. தலை எப்போதும் அக்காவுக்கு. அது அந்த வீட்டு வழக்கம். அவர் தலையைப் பிரித்துக் கல்லை எடுத்தார். கழுவினார். கத்தியின் முதுகால் தட்டி உடைத்து, அடுப்பங்கரைக்குப் போய், இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினார்.

"சாப்பாட்டு நேரத்துலயும் ஆபீஸா அண்ணி?" என்றாள் தம்பியின் மனைவி.

எண்ணெய் தொட்டு, ஜன்னலோரம் நின்று, கைக்கண்ணாடியை வைத்துக் கல்லக்கா எண்ணிக்கொண்டிருந்தார். தம்பி சிரித்தான்.

"என்னக்கா, கல்யாண வயசாயிருச்சா அதுக்கு?"

"நம்ம தாத்தா கல்யாணத்தன்னைக்கே இது கடல்ல இருந்திருக்கும்."

அவர் சிரிக்காததைப் பார்த்துத் தம்பி என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன்.

"எழுபத்தொம்பது வரைக்கும் எண்ணினேன். அதுக்கு மேல இந்தக் கண்ணாடியில தெரியல. இன்னும் இருக்கு."

பிறகு நாற்பது கற்களைப் பற்றியும் தட்டடுக்கைப் பற்றியும் நிதானமாகச் சொன்னார். தம்பியின் மனைவி கையிலெடுத்த கவளத்தைத் தட்டில் திரும்ப வைத்தாள். "அப்ப நான் காலையில செதிள் சீவினது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"நீதான சொன்ன, தாங்கும்னு" என்றான் தம்பி.

"சொன்னேன்."

"இப்ப?"

"தாங்காது. நாம எடுத்த எடம் நெறைய நூறு வருசம் ஆகும்."

அவன் எழுந்து கை கழுவினான். நாங்கள் இருவரும் பத்தொன்பது வருடமாக அந்த அறையில் உட்கார்ந்து எதைத்தான் எண்ணினோம் என்று கேட்டான். செவ்வாய்க்கிழமை அவன் கடலுக்குப் போனான். போகும்போது அக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அப்படி அவன் போனது அதுதான் முதல் முறை.

இருபத்தேழாம் தேதி காலை ஒன்பது மணிக்கு மாடிப்படியில் ஐஸ் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. தம்பி பெட்டியை அறை நடுவில் வைத்து மூடியைத் திறந்தான். அறுபத்து நான்கு தலைகள். ஒவ்வொன்றிலும் கம்பியில் கோத்த எடைச்சீட்டு.

"நீங்க எடுத்து வச்ச பழைய கல்லெல்லாம் வேணாம். இது நான் பிடிச்சது. என் கண் முன்னாடி எண்ணுங்க. பாதிக்குப் பாதி முப்பதுக்குள்ள இருந்தா, நான் கூட்டத்துல கேக்க வந்ததக் கேப்பேன்."

கல்லக்கா முதல் கல்லை எடுத்து, உடைத்து, சூடு காட்டி, நுண்ணோக்கியில் வைத்தார். தாம் எண்ணிச் சீட்டைக் கவிழ்த்தார். என்னை எழுந்திருக்கச் சொன்னார்.

"நீயே எண்ணு" என்றார் தம்பியிடம்.

கூடையில் மீன் எண்ணிப் போடும்போது முணுமுணுப்பதுபோல அவன் வாய்க்குள் எண்ணினான். ஐம்பதைத் தாண்டியபோது முணுமுணுப்பு நின்றது. உதடு மட்டும் அசைந்தது. கடைசியில் சீட்டில் எழுதிக் கவிழ்த்தான். நான் இரண்டையும் திருப்பினேன். அவனுடையது 102. அவருடையது 104.

அவன் எழுந்து போவான் என்று நினைத்தேன். நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டு, "அடுத்தது" என்றான்.

மூன்று நாள் உட்கார்ந்து அறுபத்து நான்கையும் எண்ணினான். மறுபடி எண்ண வேண்டி வந்தவை ஒன்பது. பழகாத கண்ணுக்கு அது குறைவுதான். எல்லாவற்றிலும் இளையது 47. முப்பதுக்குள் ஒன்றுகூட இல்லை. சனிக்கிழமை பிற்பகல் ஒரு கல்லை எண்ணிவிட்டுச் சீட்டைக் கவிழ்த்தவன், எடைச்சீட்டை எடுத்துப் பார்த்தான். ஒரு கிலோ நானூறு கிராம்.

"இது எனக்கு ஞாபகமிருக்கு" என்றான். "வலையில வந்தப்ப, என்ன இவ்வளவு சின்னதா இருக்குன்னு திட்டினேன்."

அவன் சீட்டில் 137. அவர் சீட்டிலும் 137. முழுசாக ஒத்துப்போன எண்ணைப் பதிவேட்டில் ஏற்றுமுன் இரண்டு சீட்டையும் நான் இன்னொரு தடவை பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

மார்ச் ஆறாம் தேதி கல்லக்கா நான்கு பக்க அறிக்கை எழுதிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் பதினோராயிரம் எண்களும் பிழை என்று அதன் முதல் வரியிலேயே இருந்தது. வாசிக்க எழுந்தவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தம்பி முந்திக்கொண்டான். அறுபத்து நான்கு ஜோடிச் சீட்டுகளையும் மேசையில் பரப்பினான். இரட்டிப்பு வேண்டாம், ஆழ்வலையை மேலே எடுத்துவிடுவோம் என்றான். கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பின் வரிசையில் இருந்த ஒரு படகுக்காரர் எழுந்து, "வீட்டுல அக்கா சொன்னாங்கன்னு கடல மூடச் சொல்றியா?" என்றார். சிலர் சிரித்தார்கள்.

"அக்கா சொல்லல" என்றான் தம்பி. "நான் எண்ணினேன்."

ஆழம் மூடப்பட்டது. அவன் பெரிய உருளையைக் கழற்றிவிட்டு மறுபடி கரையோரம் போனான். கல்லக்கா ஓய்வு பெறும்வரை, ஏழு வருடம், உறையில் இருந்த ஜோடிக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து உடைத்து எண்ணினார். பழைய எண்களை நான் அழிக்கவில்லை. பக்கத்தில் சிவப்பு மையில் புதியதை எழுதினேன். இரண்டாவது சீட்டைச் சில நாள் நான் எழுதினேன். கடலுக்குப் போகாத நாளில் தம்பி வந்து எழுதினான்.

ஐஸ் தொழிற்சாலைக்காரர்கள் மாடிப்படியில் கும்பிடு போடுவதை விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கல்லக்கா யாருடைய முகத்தைப் பார்த்தும் வயது சொல்லி நான் கேட்டதில்லை.